எண்ணிக்கையில் வராத பயணங்கள்

ஒரு சாலையில் போக்குவரத்து எவ்வளவு என்பதை அறியப் பொறியியலார் கையாளும் முறை எளிதானது. சாலை ஓரத்தில் ஊழியர்கள் அமர்ந்து, தங்களைக் கடந்து செல்லும் வண்டிகளை இனம் பிரித்துக் குறித்துக் கொள்கின்றனர். காருக்கு ஒரு பத்தி, லாரிக்கு ஒரு பத்தி, பஸ்ஸுக்கு ஒரு பத்தி, சைக்கிளுக்கு ஒரு பத்தி என்று கோடுகள் விழுகின்றன. நாள் முடிவில் அவற்றைக் கூட்டிப் பார்த்து, சாலை போதுமா, அகலப்படுத்த வேண்டுமா என்று முடிவு செய்கின்றனர். இக்காலத்தில் இவ்வேலையைக் காமிராக்களும் செய்கின்றன. எனினும் எண்ணப்படும் பொருள் மாறவில்லை. எண்ணப்படுவது வண்டியே.

பலவகை வண்டிகளை ஒரே கணக்கில் கூட்டுவதற்குப் பொதுவான ஓர் அளவு வேண்டுமன்றோ? அதற்குக் காரே அளவுகோலாகக் கொள்ளப்பட்டுள்ளது. நாட்டுப்புறச் சாலைகளுக்கென இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளின்படி, சைக்கிள் ஒன்று அரைக் காருக்குச் சமம். பஸ் ஒன்று மூன்று கார்களுக்குச் சமம். மாட்டு வண்டி எட்டுக் கார்களுக்குச் சமம். ஒரு வண்டி சாலையில் அடைத்துக் கொள்ளும் இடத்தையும், பிற வண்டிகளுக்கு அது உண்டாக்கும் தடையையும் இவ்வளவு நன்கு காட்டுகிறது. வண்டிக்குள் எத்தனை பேர் இருக்கின்றனர் என்பதை அது காட்டுவதில்லை.

இதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு சாலையில் ஒரு மணி நேரத்தில் 1,000 கார்களும் 50 பஸ்களும் செல்வதாக வைத்துக் கொள்வோம். காரில் சராசரி இரண்டு பேரும், பஸ்ஸில் ஐம்பது பேரும் இருப்பின், கார்களில் சென்றவர் 2,000 பேர். பஸ்களில் சென்றவர் 2,500 பேர். ஆனால் வண்டிக் கணக்கில் கார்களின் பங்கு 1,000. பஸ்களின் பங்கு 150 மட்டுமே. இக்கணக்கைக் கையில் வைத்துக் கொண்டு திட்டமிடுவோர், அச்சாலை பெரும்பாலும் கார்களின் சாலை என்று கருதுவது இயல்பு. சாலையின் விளிம்பில் நடந்து சென்றவர்கள் இக்கணக்கில் இடம் பெறுவதேயில்லை. பஸ் இல்லாமையாலோ, கையில் காசில்லாமையாலோ, அச்சத்தினாலோ வீட்டிலேயே தங்கிவிட்டவர்களோ எந்தக் கணக்கிலும் இல்லை.

மக்கள் எங்ஙனம் பயணம் செய்கின்றனர், ஏன் அங்ஙனம் செய்கின்றனர் என்பதை ஆராயும் துறை சென்ற அறுபது ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. அவ்வாராய்ச்சியின் முடிவுகள் பலவும் சுட்டிக் காட்டும் உண்மை ஒன்று உண்டு. வண்டிகளை எண்ணுவதினின்று மக்களை எண்ணுவதற்கும், அதினின்று நடைபெறாத பயணங்களை எண்ணுவதற்கும் முன்னேறினாலன்றிப் போக்குவரத்துக் கொள்கை பொதுமக்களுக்குப் பயன்படாது என்பதே அது.

வேலைக்குச் செல்வோர் எப்படிச் செல்கின்றனர்?

2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்குச் செல்வோர் எவ்வளவு தூரம், எந்தச் சாதனத்தில் செல்கின்றனர் என்று வினவப்பட்டது. விவசாயிகள், விவசாயத் தொழிலாளர், வீட்டுக் கைத்தொழில் செய்வோர் ஆகியோரை நீக்கி, ஏனைய தொழிலாளர் ஏறத்தாழ 20 கோடிப் பேரைப் பற்றிய விவரம் இது. இவர்களுள் சுமார் 6 கோடிப் பேர் தம் இருப்பிடத்திலோ அதனருகிலோ வேலை செய்வதால் பயணம் செய்வதில்லை. எஞ்சியோரில் சுமார் 4.5 கோடிப் பேர் நடந்து சென்றனர், 2.6 கோடிப் பேர் சைக்கிளிலும், 2.5 கோடிப் பேர் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் போன்றவற்றிலும், 2.3 கோடிப் பேர் பஸ்ஸிலும் சென்றனர். கார், ஜீப், வேன் ஆகியவற்றில் சென்றவர் சற்றேறக்குறைய 54 லட்சம் பேரே.

இவ்வெண்களை நோக்குவோர்க்கு வியப்பு உண்டாகலாம். நடந்து வேலைக்குச் சென்றவர், காரில் சென்றவரைப் போல் எட்டு மடங்கினர். சாலைக்கென ஒதுக்கப்படும் பணத்தில் நடைபாதைக்கு இத்தகைய பங்கு கிடைக்கிறதா என்பதை ஒவ்வோர் ஊரிலும் கண்ணாலேயே கண்டறியலாம். 2011-க்குப் பின் மோட்டார் சைக்கிள்கள் மிகப் பெருகிவிட்டன. ஆதலின் இன்றைய விகிதங்கள் மாறியிருக்கும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2027-ஆம் ஆண்டைக் கொண்ட கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025-இல் வெளியாயிற்று.

இக்கணக்கின் வரம்பையும் மனத்திற் கொள்ள வேண்டும். வேலைக்குச் செல்லும் பயணம் மட்டுமே இதில் அடங்கும். பள்ளிக்குச் செல்லும் மாணவியும், குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் தாயும், சந்தைக்குக் கீரைக் கட்டு சுமந்து செல்லும் கிழவியும் இதில் சேரவில்லை. பெண்களின் பயணங்கள் பெரும்பாலும் இத்தகையவை, ஒரே நடையில் இரண்டு மூன்று வேலைகளை முடித்துக் கொண்டு திரும்புபவை, தூரத்தில் குறுகியவை, காலை, மாலை நெரிசல் நேரத்துக்குப் புறம்பானவை. அலுவலக நேரத்தை மட்டுமே கருதி வகுக்கப்படும் பஸ் அட்டவணை இவர்களுக்கு உதவுவதில்லை.

டில்லியில் நடந்த ஒரு பரிசோதனை

மத்திய அரசாங்கம் 2006-ஆம் ஆண்டில் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையை வெளியிட்டது. வண்டிகளின் ஓட்டத்தைக் காட்டிலும் மக்களின் போக்குவரத்தே முக்கியம் என்பது அதன் அடிப்படைத் தத்துவங்களுள் ஒன்று. இத்தத்துவம் சாலையில் எங்ஙனம் சோதிக்கப்பட்டது என்பதற்கு டில்லியில் அமைக்கப்பட்ட பஸ் தடம் நல்ல சான்றாகும்.

தென் டில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாலையின் நடுவே பஸ்களுக்கெனத் தனித்தடம் ஒன்று 2008-இல் திறக்கப்பட்டது. சைக்கிள்களுக்குத் தனிப்பாதையும், நடப்போருக்கு நடைபாதையும் உடன் அமைக்கப்பட்டன. பஸ் பிரயாணிகளுக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் இது நன்மையாயிற்று. ஆனால் கார்களுக்கு எஞ்சிய இடம் குறுகியது. தங்கள் வரிசை நகராமல் நிற்க, பக்கத்திலுள்ள பஸ் தடம் காலியாகக் கிடக்கிறதே என்று கார்களில் இருந்தோர் குறை கூறினர்.

அத்தடம் ஏன் காலியாகத் தோன்றிற்று? நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 60 பேர் என்று கொண்டால், மணிக்கு 3,600 பேர் ஒரே தடத்தில் சென்றுவிடுவர். ஆயினும் ஒரு பஸ் கடந்தபின் அடுத்தது வரும்வரை தடத்தில் ஒன்றும் இராது. பக்கத்துத் தடத்தில் மணிக்கு 1,000 கார்கள் இடைவெளியின்றி ஊர்ந்தாலும், காருக்கு இருவராக 2,000 பேரே செல்வர். நிறைந்த தடம் குறைவாகவும், காலியான தடம் மிகுதியாகவும் மக்களைக் கொண்டு செல்லும் இவ்விநோதம் கண்ணுக்குப் புலப்படாது, கணக்குக்கே புலப்படும்.

பஸ் தடத்தை எல்லா வண்டிகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கை டில்லி உயர் நீதிமன்றம் 2012-இல் தள்ளுபடி செய்தது. எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. 2015-இல் தடத்தை அகற்ற டில்லி அரசாங்கம் முடிவு செய்தது. 2016-இல் அகற்றும் வேலை தொடங்கிற்று. அமைப்பில் குறைகள் இல்லாமலில்லை. சந்திப்புகளில் விளக்கு மாறுவதற்கு நெடுநேரம் பிடித்தது. நடுவிலுள்ள நிறுத்தத்தை அடையப் பிரயாணிகள் வண்டிகளுக்கிடையே சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. இவை திருத்தக் கூடியவையே. 2009-இல் தொடங்கிய ஆமதாபாத் நகரின் பஸ் தடங்கள் நிலைத்து நின்றன. டில்லியில் வாதம் பெரும்பாலும் வண்டிகளின் தாமதத்தைப் பற்றியே நடந்தது. பஸ்ஸில் இருந்தோரின் குரல் அவ்வளவாகக் கேட்கவில்லை.

சாலையை அகலப்படுத்தினால் போதாதா?

நெரிசல் மிகுந்த சாலையை அகலப்படுத்துவதே நேரிய வழி என்று பலர் எண்ணுவர். இதுபற்றி ஆராய்ச்சி கூறுவது வேறு. நெரிசல் நேரத்தில் பெருஞ்சாலையில் புதிய இடம் உண்டாக்கினால், அவ்விடத்தை நிரப்பப் புதிய வண்டிகள் வந்து சேரும் என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் ஆந்தனி டௌன்ஸ் 1962-லேயே எடுத்துக் காட்டினார். டுராண்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் விவரங்களைத் தொகுத்து 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை உறுதி செய்தது. நகரங்களின் பெருஞ்சாலைத் தடங்களின் நீளம் எவ்விகிதத்தில் கூடியதோ, ஏறக்குறைய அவ்விகிதத்திலேயே வண்டிகள் ஓடிய தூரமும் கூடிற்று.

காரணம் மக்களின் இயல்பிலேயே உள்ளது. ஒரு நாளில் பயணத்துக்கென மக்கள் செலவிடும் நேரம், சராசரியாக நோக்குமிடத்து, பல நாடுகளிலும் ஒரு மணியை ஒட்டியே நிற்கிறது என்று யாக்கோவ் ஸஹாவி என்ற ஆராய்ச்சியாளர் 1970-களில் கண்டார். விரைவான சாதனம் கிட்டினால் மக்கள் மிச்சமான நேரத்தை வீட்டில் கழிப்பதற்குப் பதில், அதிக தூரத்தில் வேலையும் வீடும் தேடிக் கொள்கின்றனர். இது சராசரியே என்பதை மறத்தலாகாது. தனி மனிதரிடையே, குறிப்பாக ஏழைகளிடையே, நாளுக்கு மூன்று மணி நேரம் பயணத்தில் கழிப்போரும் உளர்.

காத்திருக்கும் நேரம்

பஸ்ஸில் அமர்ந்து செல்லும் பத்து நிமிஷமும், நிறுத்தத்தில் நிற்கும் பத்து நிமிஷமும் பிரயாணியின் மனத்தில் சமமல்ல. காத்திருக்கும் நேரத்தை மக்கள் ஏறத்தாழ இரு மடங்காக உணர்கின்றனர் என்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்ட முடிவு. ஆதலின் பஸ்ஸின் வேகத்தைக் கூட்டுவதைவிட, அது அடிக்கடியும் ஒழுங்காகவும் வருவதே பிரயாணிக்கு மேலான உதவியாகும்.

ஒழுங்கின் மதிப்பை ஒரு சிறு கணக்கு காட்டும். ஒரு நிறுத்தத்துக்கு மணிக்கு நான்கு பஸ்கள், 15 நிமிஷத்துக்கு ஒன்றாக வருமாயின், அட்டவணை பார்க்காமல் வரும் பிரயாணி சராசரி ஏழரை நிமிஷம் காத்திருப்பார். அந்நான்கு பஸ்களே இரண்டிரண்டாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒரு முறை வந்தால், சராசரி 15 நிமிஷம் காத்திருக்க நேரும். பஸ்ஸும் குறையவில்லை, டிரைவரும் குறையவில்லை, டீசலும் குறையவில்லை. எனினும் பிரயாணியின் காத்திருப்பு இரட்டித்துவிட்டது. டிப்போ கணக்கில் ‘நான்கு நடை’ என்றே இரண்டும் பதிவாகும்.

ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலறிஞர் 1972-இல் இதனுடன் தொடர்புள்ள மற்றொன்றைக் காட்டினார். பிரயாணிகள் பெருகினால் பஸ்கள் பெருகும்; பஸ்கள் பெருகினால் ஒவ்வொருவரின் காத்திருப்பும் குறையும். புதிதாக ஏறும் ஒருவர் ஏனையோர்க்கும் நன்மை செய்கிறார். இச்சக்கரம் பின்னோக்கியும் சுழலும். பிரயாணிகள் குறைந்தனர் என்று நடைகளைக் குறைத்தால், காத்திருப்பு நீளும். இயன்றவர் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொள்வர். மேலும் நடைகள் குறையும். முடிவில் நிறுத்தத்தில் எஞ்சுவோர், வேறு வழியற்ற முதியோரும் மாணவரும் பெண்களுமேயாவர்.

கட்டணமும் பயணமும்

பஸ் கட்டணத்தைப் பத்துச் சதவீதம் உயர்த்தினால் பிரயாணிகள் சுமார் மூன்று சதவீதம் குறைவர் என்று அமெரிக்கப் போக்குவரத்து நிறுவனங்களின் அனுபவத்தைக் கொண்டு ஒரு விதி வகுக்கப்பட்டு, நெடுங்காலம் வழக்கில் இருந்து வந்தது. கட்டணத்தை உயர்த்தினால் வரும்படி கூடும் என்று இதனைக் கொண்டு நிறுவனங்கள் தெளிந்தன. ஆனால் குறைந்த மூவர் யாவர், அவர்கள் எங்கே சென்றனர் என்பதை இவ்விதி கூறவில்லை. அவர்களில் சிலர் நடந்திருப்பர்; சிலர் போகாமலேயே இருந்திருப்பர்.

பம்பாயில், இன்றைய மும்பையில், நகர பஸ்களின் குறைந்தபட்சக் கட்டணம் 2019 ஜூலையில் 8 ரூபாயிலிருந்து 5 ரூபாயாகக் குறைக்கப்பட்டபோது பிரயாணிகளின் தொகை கணிசமாக உயர்ந்தது. 2025 மே மாதத்தில் அக்கட்டணம் 10 ரூபாயாயிற்று. மாநிலங்கள் சில வேறொரு வழியில் சென்றன. பெண்களுக்குப் பஸ்களில் கட்டணமில்லாப் பயணம் டில்லியில் 2019 அக்டோபரிலும், தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் 2021 மே மாதத்திலும், கர்நாடகத்தில் 2023 ஜூனிலும், தெலங்கானாவில் 2023 டிசம்பரிலும், ஆந்திரப் பிரதேசத்தில் 2025 ஆகஸ்டிலும் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், இத்திட்டத்தால் பெண்களுக்கு மாதந்தோறும் சராசரி 888 ரூபாய் மிச்சமாவதாகக் கண்டறியப்பட்டது. கூலி வேலை செய்வோர் குடும்பத்தில் இது சிறு தொகையன்று.

இத்திட்டங்களால் நிறுவனங்களுக்கு ஏற்படும் இழப்பை அரசாங்கம் காலத்தே ஈடுசெய்ய வேண்டும். பஸ்களையும் பெருக்க வேண்டும். கட்டணமில்லாச் சீட்டு, வராத பஸ்ஸில் ஏற உதவாது.

போகாமல் நின்றவர்கள்

நடைபெறாத பயணத்தை அளக்க முடியுமா? முடியும் என்பதற்குப் பீகாரில் நடந்த ஆராய்ச்சி சான்று. 2006-இல் அம்மாநில அரசாங்கம் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் அளிக்கத் தொடங்கிற்று. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலறிஞர்கள் இதன் பயனை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். பீகார் மாணவிகளை அம்மாநில மாணவருடனும், 2000-ஆம் ஆண்டு வரை பீகாருடன் ஒன்றாயிருந்த ஜார்க்கண்டின் மாணவ மாணவியருடனும் ஒப்பிட்டனர். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை 32 சதவீதம் கூடியதாகவும், ஆண் பெண் இருபாலாரின் சேர்க்கை வேற்றுமை 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டனர்.

இவ்வாராய்ச்சியில் ஆசிரியர்கள் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்த நன்மை பெரும்பாலும், உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டரும் அதற்கு அப்பாலும் இருந்த கிராமங்களிலேயே காணப்பட்டது. அப்பெண்களுக்குப் படிப்பில் விருப்பமில்லை, பெற்றோர்க்கு அக்கறையில்லை என்று அதுவரை கூறப்பட்டு வந்த இடங்களில், உண்மையில் குறுக்கே நின்றது தூரமே. சைக்கிள் வருவதற்கு முன் அச்சாலையில் போக்குவரத்துக் கணக்கு எடுத்திருந்தால், பள்ளிக்குச் செல்லும் பெண்கள் மிகச் சிலரே. ஆதலின் தேவையும் சொற்பமே என்று முடிவு கட்டியிருப்பர்.

தூரத்தைப் போலவே அச்சமும் பயணத்தைத் தடுக்கும். டில்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவியரைப் பற்றிக் கிரிஜா போர்க்கர் என்னும் பொருளியலறிஞர் ஆய்வு நடத்தினார். வழியில் தொல்லைக்கு ஆளாகாமல் சென்று வருவதற்காக, சிறந்த கல்லூரியில் இடம் கிடைக்கக் கூடிய மாணவிகளும் தரத்தில் தாழ்ந்த கல்லூரியைத் தேர்ந்து கொள்ள முன்வந்தனர் என்பது அவ்வாய்வின் முடிவு. மாணவரிடம் இப்போக்கு இவ்வளவு காணப்படவில்லை. தாழ்ந்த கல்லூரிக்குச் செல்லும் மாணவி பஸ்ஸில் நாள்தோறும் எண்ணப்படுகிறாள்; அவள் இழந்த கல்வி எண்ணப்படுவதில்லை.

கள ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

இத்தகைய விவரங்களைச் சேகரிக்க இயந்திரங்கள் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் போதும். முதலாவதாக, பஸ் நிறுத்தத்தில் ஒரு காலைப் பொழுது அமர்ந்து, பஸ் வந்த நேரம், வர வேண்டிய நேரம், ஏறியவர், இறங்கியவர், இடமின்றி நின்றுவிட்டவர் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளலாம். ஆண், பெண், மாணவர், முதியோர் என்று பிரித்து எழுதுதல் நலம். ஒரே நாளின் கணக்கை நம்பலாகாது. சந்தை நாள் ஒன்று, சாதாரண நாள் இரண்டு என மூன்று நாட்களாவது எடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, வகுப்பிலேயே ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம், எதில் வருகின்றனர், எவ்வளவு நேரம், அதில் காத்திருந்தது எவ்வளவு, என்ன செலவு என்ற ஐந்து வினாக்கள் போதும். மாணவர்களே பட்டியலிட்டுச் சராசரி கண்டு வரைபடம் தீட்டுவது கணிதப் பாடத்துக்கும் நல்ல பயிற்சியாகும். பெயர்களை எழுத வேண்டுவதில்லை. வராத நாட்களின் பதிவேட்டையும் பஸ் வராத நாட்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

மூன்றாவதாகவும் முக்கியமாகவும், கிராமத்தில் வீடு வீடாகச் செல்லும் ஊழியர் ஒரு வினாவைக் கூடுதலாகக் கேட்கலாம். ‘சென்ற மாதத்தில் எங்கேனும் போக வேண்டியிருந்தும் போகாமல் இருந்ததுண்டா? காரணம் என்ன?’ இதற்கு விடையைத் தாமே எடுத்துக் கொடுத்தலாகாது. கூறுவோர் சொல்லிய வார்த்தைகளிலேயே எழுதிக் கொள்ள வேண்டும். வீட்டுத் தலைவரை மட்டும் கேட்டால் போதாது. மருந்து வாங்கப் போகாத மூதாட்டியும், தையல் வகுப்பை நிறுத்திவிட்ட பெண்ணும் தாமே பதில் கூற இடமளிக்க வேண்டும்.

இவ்விவரங்களைப் பஸ் டிப்போ மேலாளருக்கும் பஞ்சாயத்துக்கும் எழுத்து மூலம் அளித்தல் நன்று. புதிய சாலைக்கும் புதிய பஸ்ஸுக்கும் பெரும் பணம் வேண்டும்; அவை காலத்தில்தான் வரும். ஆனால் இருக்கும் பஸ்ஸை அரை மணி முன்னரோ பின்னரோ புறப்படச் செய்வதற்குப் பணம் வேண்டுவதில்லை. பள்ளி மணி ஒன்பதரைக்கு அடிக்கிறது, பஸ் ஒன்பதே முக்காலுக்கு வருகிறது என்பதை, அதனால் நடந்து வருவோர் இத்தனை பேர், வராமல் நின்றோர் இத்தனை பேர் என்ற கணக்கோடு யாரேனும் எழுதிக் காட்ட வேண்டும். அவ்வளவே.